சூழலுக்கு உகந்த உடையை எதற்காக வாங்குகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கானிக் காட்டன், கைத்தறி, இயற்கைச் சாயம், மறுசுழற்சி நூல் என்று துணிக்கடைகளில் இப்போது தனி அலமாரியே வந்துவிட்டது. அதன் முன்னால் நிற்பவர்கள் எதை நினைத்து எடுக்கிறார்கள், எதை நினைத்துத் திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்பதைப் பற்றி, வாங்குகிறவர்களும் சின்னக் கடைக்காரர்களும் கேட்கிற கேள்விகள் இவை. உதாரணங்களுக்குத் திருப்பூர், ஈரோடு பக்கம்தான் அதிகம் போயிருக்கிறேன். நூல், நெசவு, பனியன், சாயக்கழிவு என்று எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பார்த்துவிட முடிகிற இடம் அது.

எந்த உடையைச் 'சூழலுக்கு உகந்தது' என்று சொல்லலாம்?

ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு சட்டை நம் கைக்கு வருவதற்குள் வயல், நூற்பாலை, தறி அல்லது நிட்டிங் (பின்னல்), சாயப்பட்டறை, தையல் என்று பல கைகள் மாறி வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் பாதிப்பு வேறு மாதிரி. வயலில் தண்ணீரும் பூச்சிமருந்தும்; சாயப்பட்டறையில் உப்பும் ரசாயனமும்; பாலியெஸ்டர் என்றால் மூலப்பொருளே பெட்ரோலியம்.

எல்லா இடத்திலும் நல்ல பெயர் வாங்கிய உடை அபூர்வம். கைத்தறிச் சேலை மின்சாரம் இல்லாமல் நெய்யப்பட்டிருக்கும். அதன் நூல் மில்லில் நூற்று ரசாயனச் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். ஆர்கானிக் டீ-சர்ட்டின் பருத்தி நல்லபடியாக விளைந்திருக்கும். அதற்குச் சாயம் எங்கே போட்டார்கள் என்பது தனிக் கேள்வி. ஆகவே 'இது உகந்ததா?' என்று கேட்பதைவிட 'எந்தக் கட்டத்தில் உகந்தது?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

வாங்குகிறவர்கள் உண்மையிலேயே சூழலை நினைத்துத்தான் வாங்குகிறார்களா?

சிலர் நிச்சயமாக அப்படித்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் தங்களுக்கு நெருக்கமான ஒரு காரணத்துக்காக வாங்குகிறார்கள். சூழல் அதோடு சேர்ந்து வருகிறது. உடம்பில் அரிப்பு வரக்கூடாது. குழந்தைக்கு உறுத்தக்கூடாது. மே மாத வெயிலில் முதுகில் ஒட்டக்கூடாது. நெசவாளிக்கு நாலு காசு போகவேண்டும். கல்யாண வீட்டில் 'எங்கே எடுத்தீர்கள்?' என்று யாராவது கேட்கவேண்டும். இப்படித்தான் காரணங்கள் இருக்கின்றன.

இதில் குறை ஒன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணம். பூமி சூடாவதை நினைத்து ஒருவர் ஒரு முறை வாங்கலாம். தோலுக்கு இதமாக இருந்தால் அதையே தேடி மறுபடியும் வருவார். பழக்கம் ஆவது இரண்டாவது காரணத்தால்தான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் இதுதான்: நெருக்கமான காரணங்களை மட்டமாகப் பார்க்காதீர்கள். சாயக்கழிவிலிருந்து ஆற்றைக் காப்பாற்றுகிற வேலையில் பாதியை அவைதான் செய்கின்றன.

கருத்துக்கணிப்பில் எல்லோரும் 'வாங்குவேன்' என்கிறார்கள். கடையில் ஏன் வாங்குவதில்லை?

இந்த இடைவெளியைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். 2019ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்காட்டியது. சூழல் அக்கறை உள்ள நிறுவனங்களின் பொருட்களை வாங்க விருப்பம் என்று சொன்னவர்கள் 65 சதவீதம். உண்மையில் வாங்கியவர்கள் சுமார் 26 சதவீதம். அது உடைகளை மட்டும் பற்றிய கணக்கு இல்லை. ஆனாலும் துணிக்கடையில் நின்று பார்த்த யாருக்கும் அது ஆச்சரியமாக இருக்காது.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்கும்போது மனசில் பூமி இருக்கிறது. கடைக்குள் வந்ததும் வேறு விஷயங்கள் வரிசையில் முன்னால் வந்து நிற்கின்றன: சைஸ் இருக்கிறதா, நிறம் பொருந்துமா, கையில் இருக்கிற பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் எடுக்க முடியுமா? தீபாவளிக்கு முந்தின வாரம் நாலு பேருக்கு உடை எடுக்க வந்த ஒருவரிடம் போய் ஆர்கானிக் பற்றிப் பேசினால் அவர் என்ன செய்வார்? அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் அதற்கு இடம் இல்லை.

இன்னொன்று, பாதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. நாம் தின்கிற கத்தரிக்காயில் மருந்து அடித்தது நம் வயிற்றுக்கு வரும் என்று பயப்படுகிறோம். சட்டைக்குச் சாயம் போட்ட தண்ணீர் வேறு யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகிறது.

குழந்தை உடையில் மட்டும் இது சட்டென்று எடுபடுவது ஏன்?

பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியையே சுற்றுவதும், அம்மாவின் நூல் சேலையில் தூளி கட்டுவதும் நம் வீடுகளில் இருந்துவரும் வழக்கம். கஞ்சி, சாயம், மடிப்பு எல்லாம் போய்விட்ட துணிதான் பச்சைக் குழந்தைக்கு ஆகும் என்பது பாட்டிகளுக்கு யாரும் சொல்லித் தந்த விஷயம் இல்லை. ஆர்கானிக் குழந்தை உடை விற்கிறவர்கள் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறார்கள்.

ஈரோட்டில் ஒரு கடையில் பார்த்தேன். மருமகள் சின்னச் சட்டை ஒன்றைக் காட்டி, "அத்தை, இது கெமிக்கல் இல்லாததாம்" என்றார். மாமியார் லேபிளைப் பார்க்கவே இல்லை. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையல் மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "உள்ள நூல் உறுத்தலையே கண்ணு, எடுத்துக்கோ. ரெண்டு தடவை அலசிப் போட்டுக்கோணும்" என்றார். அங்கே விற்றது அந்தத் தையல் மடிப்பு.

2010ல் மைக்கேல் லூக்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கமிருந்து விளக்குகிறது. 'சூழலுக்கு நல்லது' என்ற பெயரை மக்கள் மனசு மென்மையோடு சேர்த்துவைத்திருக்கிறது. குழந்தைகளுக்கான ஷாம்பு போல மென்மை தேவைப்படும் பொருளில் அந்தப் பெயர் உதவுகிறது. கார் டயர் மாதிரி வலு வேண்டிய பொருளில் அதே பெயர் சந்தேகத்தைக் கிளப்புகிறது. குழந்தை உடைக்கு 'ஆர்கானிக்' கைகொடுப்பதும், பட்டறையில் வேலை செய்கிறவரின் பேன்ட்டுக்கு அது எடுபடாததும் ஏன் என்று இப்போது புரிகிறது அல்லவா?

உடம்புக்குக் கெடுதல் என்ற பயம் நியாயமானதா, விற்பனைத் தந்திரமா?

இரண்டும் உண்டு. செயற்கைச் சாயங்களில் ஒரு வகையான அசோ சாயங்களில் சில பிரிந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்கள் என்ற ரசாயனங்களை வெளிவிடும். 1990களின் நடுவில் ஜெர்மனி அவற்றைத் தடைசெய்தபோது நம் ஏற்றுமதியாளர்கள் சாயத்தையே மாற்றவேண்டி வந்தது. 1997ல் இந்தியாவும் அப்படிப்பட்ட சாயங்களுக்குத் தடை போட்டது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது வாங்குகிறவர்களின் உடல்நல பயம்தான். சாயப்பட்டறைத் தொழிலாளிக்கும் அதனால் நன்மை கிடைத்தது.

ஆனால் 'சாதாரணச் சட்டை போட்டால் நோய் வரும்' என்கிற அளவுக்குப் பேசி விற்பதை நான் ஏற்கமாட்டேன். பயத்தில் வாங்குகிறவர், பயம் தெளிந்ததும் போய்விடுவார்.

'இயற்கைச் சாயம்' என்றாலே சிலர் தயங்குவது ஏன்?

கவுன்டரில் கேட்கும் கேள்விகளிலேயே விடை இருக்கிறது. "சாயம் போகுமுங்களா?" "தொவைச்சா சுருங்குமா?" "வெயில்ல காயப்போட்டா வெளுத்துருமா?" சூழல் பற்றி ஒரு கேள்விகூட வராது. உடை என்பது வாரம் ஒரு முறை துவைத்து, பிழிந்து, மொட்டைமாடிக் கொடியில் போட்டு, இஸ்திரி தேய்த்துப் போடுகிற பொருள். அந்தப் பாட்டைத் தாங்குமா என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கவலை.

மஞ்சள்கிழங்கில் எடுத்த சாயம் வெயிலில் மங்கும்; அவுரி நீலம் முதல் சில துவைப்பில் கொஞ்சம் விடும். இதை முன்கூட்டியே சொல்லி, 'முதல் சில தடவை தனியாக அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள்' என்று சொல்லும் கடைக்காரரிடம் ஆள் திரும்பி வருகிறார். சொல்லாமல் விற்றவரிடம் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்த கோபத்தோடு வருகிறார். அப்புறம் அந்தக் குடும்பத்தில் யாரும் இயற்கைச் சாயத்தின் பக்கமே போகமாட்டார்கள்.

திருப்பூரில் நொய்யல் கெட்ட கதை தெரிந்தால் மக்கள் மாறி வாங்குவார்களா?

தெரிந்தவர்களில் சிலர் மாறியிருக்கிறார்கள். முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் இறங்கியது. சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டி 1992ல் முடித்த அணை, சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர் தேங்குகிற இடமாகிப் போனது. அணையில் தண்ணீர் நிற்கவேண்டும் என்று கேட்கவேண்டிய விவசாயிகளே 'இங்கே தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள்' என்று போராடினார்கள். கிணறுகள் உப்பாயின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாது என்ற முறை கண்டிப்பாக அமலானது. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்குகிறார்கள். கடைசியில் பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதை என்ன செய்வது என்ற பிரச்சினை தீர்ந்தபாடில்லை. இவ்வளவுக்கும் ஆகிற செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. முறையாகச் சுத்திகரிக்கிற பட்டறையும் இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகிற பட்டறையும் ஒரே கூலிக்குச் சாயம் போட முடியாது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விலை பற்றிய கேள்விக்கு இது வேண்டும்.

சரி, இது தெரிந்தால் வாங்குவது மாறுமா? வெறும் தகவலாகப் போனால் மாறாது என்பதுதான் என் அனுபவம். ஆனால் தகவலோடு கையில் ஒரு வேலையும் கொடுத்தால் மாறுகிறது. ஓர் உதாரணம்: பருத்தியில் ஒட்டிப் பிடிக்கிற ரியாக்டிவ் என்ற வகைச் சாயத்தை ஏற்ற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக, உப்பும் சாயமும் அதிகம். கறுப்பும் கருநீலமும் நிறையவே கேட்கும். வெளிர்நிறங்கள் குறைவாகக் கேட்கும். 'அடிக்கடி மாற்றுகிற வீட்டு உடையை வெளிர்நிறத்தில் எடுங்கள்' என்று சொன்னால் அது யாரும் செய்யக்கூடியது, காசும் அதிகம் ஆகாது. 'ஆற்றைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் சொன்னால் கேட்டவர் வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏற்றுமதிக்குப் போகும் துணியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் சாயப்பட்டறை பற்றிக் கேள்வி கேட்கிறார், ஆள் அனுப்பிச் சோதிக்கிறார். நாம் உள்ளூரில் எடுக்கிற பனியனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஆறு நம்முடையது.

குற்ற உணர்வு வாங்க வைக்குமா?

கொஞ்ச நாளைக்கு வைக்கும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தையல் தொழிலாளர்கள். 'என் உடையைத் தைத்தது யார்?' என்று உலகம் முழுக்கக் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைக் கட்டடப் பாதுகாப்புக்கு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அந்த அழுத்தத்தில்தான் வந்தது; அது பெரிய காரியம். ஆனால் மலிவு உடை விற்பனை அதனால் நின்றுவிடவில்லை. குற்ற உணர்வு நிறுவனங்களைப் பதில் சொல்ல வைப்பதில் பலமாகவும், தனி ஆளின் பழக்கத்தை மாற்றுவதில் பலவீனமாகவும் இருக்கிறது.

நெசவாளருக்காகக் கைத்தறி எடுக்கிறேன். இதுவும் அதே கணக்கில் சேருமா?

தாராளமாகச் சேரும். நம் நாட்டில் உடையைக் கொள்கைக்காக வாங்குவது நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அந்த நாளையே 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். முதல் விழா சென்னையில்தான் நடந்தது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். உடுத்துவதை வைத்தே ஓர் ஆள் என்ன நினைக்கிறார் என்று சொல்ல முடியும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

கைத்தறி வாங்குகிறவர்களிடம் பேசினால் மூன்று காரணங்கள் பின்னிப் பிணைந்து வரும். ஒன்று, நெய்கிறவர் முகம் தெரிவது: சென்னிமலையில் படுக்கை விரிப்பு, பவானியில் ஜமக்காளம், காரைக்குடியில் கண்டாங்கி, சின்னாளப்பட்டியில் சுங்குடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. இரண்டு, நம் வெயிலுக்கு அது ஒத்துப்போவது. மூன்று, விலையில் சலுகை. 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குத் தள்ளுபடி போடும்போது கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் மூன்றாவதைக் குறைத்து மதிப்பிடமாட்டார்கள். அரசு ஊழியர் வீடுகளில் அது ஆண்டுதோறும் நடக்கிற சடங்கு மாதிரி. சூழல் என்ற பேச்சே வராத காலத்திலும் அந்தக் குடும்பங்கள் உகந்த உடையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தன.

இதோடு நாட்டுப் பருத்தியையும் சொல்லவேண்டும். கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி என்ற ரகத்துக்குப் பூச்சித் தொல்லை குறைவு, பாசனமும் வேண்டாம். இழை குட்டை என்பதால் பெரிய மில்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, கைநூற்புக்குத்தான் பொருந்தும். அந்தத் துணியைத் தேடி வாங்குகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒரு விதையும் அதற்கேற்ற மண்ணும் பிழைத்திருக்கவேண்டும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அவர்கள். எனக்கு மிகவும் மதிப்புள்ள வாடிக்கையாளர்கள்.

மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவும் வாங்குகிறார்களா?

ஆமாம், அது வலுவான காரணம். அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் நடத்தி 2008ல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள், சூழலுக்கு நல்லது என்ற அட்டை வைத்த அறைகளில் 35 சதவீதம் பேர் அதன்படி செய்தார்கள். 'இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள்' என்று எழுதியபோது 44 சதவீதம் ஆனது. நாலு பேர் செய்வதை நாமும் செய்கிறோம்.

உடையில் இது இன்னும் வெளிப்படை, ஏனென்றால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2015ல் பெங்களூரில் இரண்டு தோழிகள் தொடங்கிய, வருடத்தில் நூறு முறை சேலை உடுத்துவது என்ற 'நூறு சேலை உடன்படிக்கை' சமூக ஊடகங்களில் பரவி, அலமாரியில் கிடந்த சேலைகளைப் பெண்கள் வெளியே எடுக்க வைத்தது. அலுவலகத்தில் ஒருவர் வாரம் ஒரு நாள் கைத்தறி உடுத்தினால் மாதம் திரும்புவதற்குள் பக்கத்து மேசைக்கும் அது போய்விடும். உள்ளாடைக்கு இந்த வேகம் கிடைக்காது. அங்கே தோல்தான் பேசவேண்டும்.

விலை ஏன் கூடுதல்? கட்டுப்படியாகுமா?

நிலத்தை இயற்கை விவசாயத்துக்கு மாற்ற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் விளைவதை ஆர்கானிக் என்று விற்க முடியாது. சான்றிதழுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் செலவு. சாயக்கழிவைச் சுத்திகரிக்கிற செலவை மேலே சொன்னேன். இதற்கெல்லாம் மேல், குறைந்த எண்ணிக்கையில் தைப்பதால் ஒரு சட்டைக்கு விழும் கூலியும் கூடும்.

வாங்குகிறவர் பக்கத்தில் ஒரு கணக்குப் போடலாம். 400 ரூபாய் சட்டை 16 முறை உடுத்தியதும் கழுத்து இளித்துவிட்டால், ஒரு முறைக்கு 25 ரூபாய். 1,000 ரூபாய் சட்டை 80 முறை தாங்கினால் ஒரு முறைக்கு 12 ரூபாய் 50 பைசா. ஆனால் அந்த 1,000 ரூபாய் இன்றைக்குக் கையில் இருக்கவேண்டுமே? நாலு பேருக்கு எடுக்கிற குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் குறைகாண்பது நியாயம் இல்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு அக்கா தம்பி உடை கைமாறுவதும், ஒரே ஒரு உடையை மட்டும் நல்லதாக எடுப்பதும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வழிகள்.

லேபிளை நம்பலாமா?

எதற்காகக் கொடுத்த முத்திரை என்று தெரிந்தால் நம்பலாம்.

'காட்ஸ்' (GOTS) என்பது ஆர்கானிக் துணிக்கான உலகளாவிய தர முத்திரை. அதில் 'ஆர்கானிக்' என்று இருந்தால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்கவேண்டும். 'ஆர்கானிக் கலந்து செய்தது' என்றால் 70 சதவீதம். சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை ஆகியவையும் அதன் விதிகளில் வரும். லேபிளில் உரிம எண் இருக்கும். அதை அவர்களின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' என்பது முடிந்த துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு அதில் கடுமையான தனி வகுப்பு உண்டு. ஆனால் பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. இந்தியாவின் 'கைத்தறி முத்திரை', கையால் நெய்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி.

முத்திரையிலும் மோசடி நடக்கும். 2020ல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலியாக ஆர்கானிக் சான்று வாங்கியிருந்ததை 'காட்ஸ்' அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. மறைக்காமல் அறிவித்தார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடியது.

முத்திரையே இல்லாமல் பச்சை அட்டையில் இலைப்படம் போட்டு 'ஈகோ' என்று எழுதியிருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. 2022ல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் கேட்டதும், எச் அண்டு எம், டெக்கத்லான் நிறுவனங்கள் தங்கள் உடைகளில் இருந்த தெளிவில்லாத சூழல் வாசகங்களை மாற்றவோ நீக்கவோ ஒப்புக்கொண்டன. 2024 அக்டோபரில் நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், ஆதாரம் காட்டாமல் இப்படிச் சொல்லக்கூடாது என்று வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது.

பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த டீ-சர்ட்?

பழைய பாட்டிலை மறுசுழற்சி செய்த பாலியெஸ்டர்தான் அது; புது பாலியெஸ்டருக்கு மேல். ஆனால் துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் போவது இதிலும் நடக்கும். வெயிலில் வியர்வை உறிஞ்சாததும் அப்படியே. விளையாட்டு உடைக்குச் சரி, தினசரி உடைக்கு எனக்கு விருப்பம் இல்லை.

சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். என்ன சொல்லி விற்பது?

துணியைக் கையில் கொடுங்கள். பேச்சு அப்புறம். தொட்டுப் பார்த்தவர் கேட்பது துவைப்பு, சுருக்கம், சாயம் பற்றியே இருக்கும்; அதற்கு நேர்மையான பதில் தயாராக இருக்கட்டும். துவைத்துத் துவைத்துப் பழசான ஒரு மாதிரிச் சட்டையைக் கடையில் தொங்கவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும்.

பிறகு ஊரைச் சொல்லுங்கள்: எங்கே நெய்தது, எங்கே சாயம் போட்டது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். சூழல் பற்றிக் கடைசியில், ஒரே ஒரு வரி போதும். அதைக் கேட்டு வந்தவர் தானே மேலே கேட்பார்.

பட்டறை, வயல், கட்டட வேலைக்காரர்களுக்கு விற்கிறீர்கள் என்றால் 'இயற்கை' என்பதைப் பின்னால் வைத்து, தையல் உறுதியையும் துணியின் கனத்தையும் முன்னால் வையுங்கள். சைஸ் எல்லாம் இருக்கவேண்டும். பெரிய உடம்புக்காரர்களுக்கு இல்லாத உகந்த உடை அவர்களைப் பொறுத்தவரை இல்லாத உடைதான். இந்தக் குறை பல கடைகளில் இருக்கிறது.

புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதுதானே சிறந்தது?

ஆமாம். பிரிட்டனில் குப்பையைக் குறைக்க வேலை செய்யும் 'ராப்' (WRAP) அமைப்பின் கணக்குப்படி ஓர் உடையை ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதன் கார்பன், தண்ணீர், குப்பைப் பாதிப்பு 20 முதல் 30 சதவீதம் குறையும். பழைய சேலையில் பாவாடை தைப்பது, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுவது எல்லாம் நாம் அறிந்த வேலைகள். தெருமுனையில் ஆல்ட்ரேஷன் தையல்காரருக்குக் கொடுக்கிற ஐம்பது ரூபாயும் சூழலுக்குச் செய்கிற செலவுதான்.

உடுத்த முடியாத அளவுக்குப் போன துணியை என்ன செய்வது?

முதலில் வாங்கும்போதே ஒரு யோசனை: ஒரே இழையில் நெய்த துணி மறுசுழற்சிக்கு எளிது. பருத்தியோடு பாலியெஸ்டரும், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழையும் கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். உலகம் முழுக்கப் பார்த்தால் உடைக்குப் போகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மறுபடியும் உடையாகிறது என்று 2017ல் எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை கணக்குச் சொன்னது.

திருப்பூரில், துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளான கட்டிங் வேஸ்ட் வீணாவதில்லை. நிறம் வாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பாலைகளில் மறுபடியும் நூலாக்குகிறார்கள். லுங்கியும் படுக்கை விரிப்பும் அதிலிருந்து வருகின்றன. வீட்டுத் துணி அந்த வரிசைக்குள் போவது குறைவு, காரணம் கலந்து கட்டிக் கொடுப்பதுதான். பழந்துணி எடுப்பவரிடம் கொடுக்கும்போது பட்டன், ஜிப் எடுத்துவிட்டு, முழுப் பருத்தியைத் தனி மூட்டையாகவும் கலப்புத் துணியைத் தனி மூட்டையாகவும் கட்டிக் கொடுங்கள். ஈரத்துணி சேரவேண்டாம், ஒன்று நனைந்திருந்தாலும் மூட்டை முழுக்கப் பூசணம் பிடித்துவிடும்.